மேலிடம், மேனேஜர், கேள்வி

லிஃப்ட்காரர் இறந்து இருபத்து மூன்றாம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பதினோரு மாடிக் குடியிருப்பின் கீழ்த்தளக் கூடத்தில் அவருக்கு நினைவுக் கூட்டம் வைத்தார்கள். அந்தக் கட்டடத்தின் இரண்டு லிஃப்டுகளையும் இருபத்தாறு வருடம் பழுது பார்த்தவர் அவர். பணி ஓய்வுக்கு இன்னும் பதினோரு மாதம் இருந்தது. மார்வலி என்று ஒரு மதியம் நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

நாற்பது நாற்காலி போட்டிருந்தார்கள். பத்தேகாலுக்குள் அவை நிரம்பி, மாடிப்படியிலும் ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள். இரங்கல் கூட்டத்துக்கு உண்டான முகத்தை எல்லோரும் வீட்டிலிருந்தே போட்டுக்கொண்டுதான் வந்திருந்தார்கள். முதல் ஆள் பேசி முடிப்பதற்குள் அது கழன்று விழுந்தது.

"எனக்கு அவர் வச்ச பேர் வானிலை" என்றார் மூன்றாம் மாடிப் பெரியவர். "நான் எப்பப் பாத்தாலும் வெயிலைப் பத்திக் குறை சொல்றேனாம். லிஃப்ட் கதவு திறந்ததும், 'வாங்க வானிலை, இன்னிக்கு என்ன எச்சரிக்கை?'ம்பார். மூணு வாரமா யாருமே என்கிட்ட வெயிலைப் பத்திக் கேக்கல."

அவரைத் தொடர்ந்து வரிசையாக எழுந்தார்கள். ஐந்தாம் மாடிப் பல் மருத்துவருக்கு 'டாக்டர் திறங்க' என்று பெயர். மேலே போகும் பொத்தானையும் கீழே போகும் பொத்தானையும் ஒரே நேரத்தில் அமுக்குகிற அம்மாவுக்கு 'ரெட்டைக் கை'. லிஃப்டுக்குள் எதிரெதிர்ச் சுவரைப் பார்த்து நிற்கும் ஒரு தம்பதிக்கு 'ஆளுங்கட்சி', 'எதிர்க்கட்சி'. யார் எது என்று இன்றுவரை அவர் சொல்லவில்லையாம். அதற்காகவும் இருவருக்குள் சண்டை நடந்திருக்கிறது. வாரத்துக்கு ஒரு காகிதத்தை லிஃப்டுக்குள் ஒட்டிவிட்டுப் போகும் சங்கச் செயலாளர் 'சுற்றறிக்கை' ஆகியிருந்தார். அதை அவரே எழுந்து, கொஞ்சம் பெருமையோடு சொன்னார்.

முன் வரிசையில் லிஃப்ட்காரரின் மனைவியும் பிள்ளைகள் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். இளையவளுக்கு முப்பத்து நான்கு வயது. மருத்துவமனை ஒன்றில் மருந்து கொடுக்கும் வேலை. டாக்டர்களின் கையெழுத்தைப் படித்துப் படித்து, எதையும் இரண்டு தடவை பார்க்காமல் விடாத கண் வந்துவிட்டிருந்தது அவளுக்கு. பேசுகிறவர்கள் சொல்லும் பெயர்களை ஒரு பழைய உறையின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே வந்தாள். நாற்பத்தொன்று சேர்ந்திருந்தது.

வீட்டிலும் அதே கதைதான். அம்மாவுக்கு 'மேலிடம்'. எதைக் கேட்டாலும் அப்பா, "மேலிடத்துல கேட்டுச் சொல்றேன்" என்பார். ஆறு வயதிலேயே யார் எந்தத் தட்டில் சாப்பிட வேண்டும் என்று உத்தரவு போட்ட அண்ணன் 'மேனேஜர்'. இப்போது அவன் உண்மையிலேயே ஒரு குளிர்பதனக் கிடங்கில் மேலாளர். அவளுக்கு 'கேள்வி'. நாலு வயதில், முதல்முதலாக லிஃப்டில் ஏறியபோது, "நாம மேல போறப்போ கீழ இருந்த தரை எங்கப்பா போகும்?" என்று கேட்டதற்காக வந்த பெயர்.

கூட்டம் முடிந்து ஆட்கள் கலையும்போது, அப்பாவோடு வேலை பார்த்த மெக்கானிக் அவளிடம் வந்தார். ஐம்பது வயதுக்காரர். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் ஏழாவது மாடிக்குக் கொஞ்சம் கீழே தானே லிஃப்டில் மாட்டிக்கொண்டு, மூன்று மணி நேரம் உள்ளே இருந்தவர். அன்றிலிருந்து அப்பாவுக்கு அவர் 'ஏழு'.

"உங்களைப் பாத்தாலே எனக்கு மெஷின் ரூம் ஞாபகம்தாம்மா வருது" என்றார்.

"ஏண்ணே?"

"உங்க பேரை அங்க அவ்வளவு தடவை கேட்டிருக்கேன். கிரீஸ் வைக்கறப்போ, பிரேக் துடைக்கறப்போ உங்கப்பா உங்க பேரைச் சொல்லிக்கிட்டே இருப்பார். சத்தமா. உங்க பேரு, அப்புறம் உங்கண்ணன் பேரு, அப்புறம் அம்மா பேரு. வகுப்புல வருகைப் பதிவு எடுக்கற மாதிரி."

"கேள்வின்னா?"

"அது இல்லம்மா. உங்க நிஜப் பேரு. பள்ளிக்கூடத்துல குடுத்த பேரு."

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றது. அந்தப் பெயரை அப்பா வாயால் சொல்லி அவள் கேட்டதே இல்லை. அப்படி ஒரு தடவையாவது கேட்டிருக்கிறோமா என்று அங்கேயே நின்று யோசித்தாள். முப்பத்து நான்கு வருடத்தைப் புரட்டியும் ஒன்றும் அகப்படவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அண்ணனைப் பிடித்தாள். அவன் அப்பாவின் கருவிப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, எதை எடுப்பது என்று தெரியாமல் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அப்பா உன்னை எப்பவாவது பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்காராடா?"

"தினமும்தான். மேனேஜர், மேனேஜர்னு."

"அது இல்ல. உன் பேரை."

அண்ணன் ஸ்பானரைக் கீழே வைத்தான். "கூப்பிட்டிருப்பார். கூப்பிடாம இருப்பாரா?"

"எப்போன்னு சொல்லு."

இருவரும் உட்கார்ந்து நினைவில் தேட ஆரம்பித்தார்கள். அவள் எட்டு வயதில் பந்தைத் துரத்திக்கொண்டு சாலைக்கு ஓடி, லாரி வந்தபோது அப்பா என்ன சத்தம் போட்டார்? சத்தம் போடவில்லை, இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தார். தெருவே திரும்பிப் பார்த்தது. அவளும் நின்றாள். பள்ளியில் சேர்க்கப் போன அன்று, பெயர் என்ன என்று தலைமையாசிரியை கேட்டார். அப்பா பிறப்புச் சான்றிதழை மேசைமேல் நகர்த்தி, "இதுல என்னைவிட அழகா எழுதியிருக்கு மேடம்" என்றார். அண்ணன் கல்யாணத்தன்று வந்தவர்களுக்கு மருமகளை அறிமுகப்படுத்தியபோது, "இவங்கதான் இனிமே மேனேஜரோட மேனேஜர்" என்றார். சரி, போனில்? போனை எடுத்தால், "நான்தான்". அவர் அழைத்தாலும், "நான்தான்". தெரியாத ஆளிடம்கூட, "நான்தாங்க, லிஃப்ட்".

"அது அவர் ஸ்டைல்" என்றான் அண்ணன். "எல்லாத்தையும் கேலியாவே சொல்லிப் பழகிட்டார். நீ உடனே துப்பறியக் கிளம்பாத."

"வீட்டுல ஒரு தடவைகூடச் சொல்லாத பேரை ஒருத்தர் மெஷின் ரூம்ல போய் எதுக்குச் சொல்லணும்?"

"உன்னை 'கேள்வி'ன்னு கூப்பிட்டதுல தப்பே இல்ல" என்று சொல்லிவிட்டு, அவன் மறுபடியும் ஸ்பானரைத் துடைக்கப் போனான். ஆனால் முன்னைவிட மெதுவாகத் துடைத்தான்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு வேளையில் அவள் ஏழுவுக்கு போன் செய்துவிட்டு அந்தக் கட்டடத்துக்குப் போனாள். பதினோராவது மாடியில் இறங்கி, அங்கிருந்து இரும்பு ஏணிப்படியில் ஏற வேண்டும். "கைப்பிடியைத் தொடாதீங்க, பெயின்ட் உரியுது" என்று சொல்லிக்கொண்டே ஏழு முன்னால் ஏறினார். சின்னக் கதவு. உள்ளே எண்ணெயும் சூடான தூசியும் கலந்த வாசனை. அப்பாவின் சட்டையில் அவள் தினமும் முகர்ந்த வாசனை இங்கிருந்துதான் வந்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. வாசற்படியிலேயே ஒரு நிமிடம் நின்றுவிட்டாள். ஏழு எதையோ தேடுவதுபோல் திரும்பிக்கொண்டார்.

நடுவில் இரண்டு மோட்டார்கள். அவற்றின் சக்கரங்களில் எஃகு வடங்கள் ஏறி, தரையில் இருந்த துளைகள் வழியாகக் கீழே இறங்கின. வடங்களில் ஆங்காங்கே மஞ்சள் வண்ணத்தில் கோடு போட்டிருந்தது. ஒவ்வொரு கோடும் ஒரு மாடியாம். மின்சாரம் போய் லிஃப்ட் நின்றுவிட்டால், கோட்டைப் பார்த்துத்தான் கையால் நகர்த்தி மாடிக்கு நேராகக் கொண்டுவருவார்கள். "இந்தக் கோடெல்லாம் உங்கப்பா போட்டதுதான்" என்றார் ஏழு.

யாரோ கீழே பொத்தானை அமுக்கினார்கள். பிரேக் 'டக்'கென்று விடுபட்டது. மோட்டார் உறுமிக்கொண்டு கிளம்பியதில் அந்தச் சின்ன அறையின் தகரக் கதவு அதிர்ந்தது. ஏழு அவள் காதருகே குனிந்து, "இப்பத்தான் சொல்லுவார்" என்று கத்தினார். அது அவளுக்குப் பாதிதான் கேட்டது. லிஃப்ட் நின்றதும் மோட்டாரும் நின்றது. அமைதி.

"மோட்டார் நின்னா அவரும் நிறுத்திடுவார்" என்றார் ஏழு, இப்போது சாதாரணக் குரலில். "பாதிப் பேர்லகூட நிறுத்துவார். திரும்ப ஓடினா விட்ட இடத்துலேர்ந்து ஆரம்பிப்பார்."

"ஏன்னு நீங்க கேக்கலையா?"

"கேக்காம? 'வீட்டு ஆளுங்களை மோட்டாருக்கு அறிமுகப்படுத்தறேன், ஏழு. நாளைக்கு அவங்க யாராவது ஏறினா மரியாதையா தூக்கிட்டுப் போகணும்ல'ன்னார். அவர்கிட்ட ஒரு கேள்வி கேட்டா ஒரு ஜோக்கு வரும். நான் சிரிப்பேன். கேட்டது மறந்துபோகும்."

அவள் உறையை எடுத்து ஏதோ எழுதினாள். ஏழு அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "விசித்திரம்னா இன்னொண்ணும் இருக்கும்மா" என்றார். "தினமும் வேலை இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் கண்ட்ரோல் ரூமுக்கு போன் போட்டுப் பேரும் நம்பரும் சொல்லணும். கம்பெனி விதி. நாங்க எல்லாரும் சொல்லுவோம். உங்கப்பா மட்டும் ஸ்க்ரூடிரைவரால போன்ல மூணு தட்டு தட்டிட்டு வச்சுடுவார். அங்க போனை எடுக்கற அம்மா ஒண்ணுமே சொல்ல மாட்டாங்க. வேற யாராவது அப்படிச் செஞ்சா தொலைச்சுக் கட்டிடுவாங்க. உங்கப்பா அந்தம்மாவுக்கு வச்ச பேர் அசரீரி."

அசரீரியை மறுநாளே போய்ப் பார்த்தாள். கம்பெனி அலுவலகத்தின் இரண்டாவது மாடியில் ஜன்னலில்லாத ஒரு நீள அறை. சுவர் நிறைய கட்டடங்களின் பெயர் எழுதிய பலகையும், ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு சின்ன விளக்கும் இருந்தன. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் அபாயப் பொத்தானை அமுக்கினால் இங்கே விளக்கு எரியும். பேச்சும் இங்கேதான் வந்து சேரும். தலையில் ஒலிவாங்கி மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு அறுபதை நெருங்கும் வயது. குரல் மட்டும் முப்பதில் நின்றிருந்தது. அவளைப் பார்த்ததும் பக்கத்தில் இருந்தவரிடம் பலகையை ஒப்படைத்துவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"மூணு தட்டு பத்திக் கேக்க வந்தேன் மேடம்" என்றாள் அவள்.

அசரீரி தலையிலிருந்த ஒலிவாங்கியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவள் முகத்தைப் பார்த்தார்.

"உங்களுக்குத் தெரியாதா?"

"என்ன தெரியாதான்னே தெரியல."

"அவர் சேர்ந்த புதுசு" என்று ஆரம்பித்தார் அந்த அம்மா. "முதல் நாள் போன் வருது. எடுக்கறேன். சத்தமே இல்ல. லைன் செத்துடுச்சுன்னு வச்சுட்டேன். திரும்ப வருது. மறுபடி அதே மாதிரி. நாலாவது தடவை வச்சுடாம காத்திருந்தேன். உள்ள ஒரு எழுத்து மட்டும் முட்டிக்கிட்டு நிக்கற மாதிரி கேட்டுது. அப்பதான் புரிஞ்சது. உங்கப்பாவுக்குத் திக்குவாய்மா."

அவள் கையில் இருந்த பேனா அப்படியே நின்றது. "எங்கப்பாவா? எங்கப்பா வாய் மூடாம பேசுவார் மேடம்."

"பேசுவார். எனக்கு அந்த வித்தையை அவரே ஒரு நாள் சொல்லிக் குடுத்தார். ஒரு வார்த்தை வராதுன்னு நாலு வார்த்தைக்கு முன்னாடியே அவருக்குத் தெரிஞ்சுடுமாம். உடனே வேற தெருவுல திரும்பிடுவாராம். ஒரே அர்த்தத்துக்கு நாலு வார்த்தை கையில வச்சிருந்தார். ஆனா ஒருத்தரோட பேருக்கு மாத்து வார்த்தை கிடையாது, பாருங்க. அங்கதான் மாட்டிக்குவார். தன் பேரு இன்னும் மோசம். அதனால நான்தான் சொன்னேன்: நீங்க மூணு தட்டு தட்டுங்க, நான் புரிஞ்சுக்கறேன்னு. இருபத்தாறு வருஷம் தட்டினார்."

வீட்டில் அப்பா பாலைப் 'பால்' என்று சொன்னதேயில்லை என்பது அவளுக்கு அப்போது சட்டென்று உறைத்தது. "அந்த வெள்ளையைக் கொஞ்சம் ஊத்து" என்பார். அதையும் அவர்கள் ஜோக்கு என்றே எடுத்துக்கொண்டு, வீடு முழுக்க அதே மாதிரி சொல்லிப் பழகியிருந்தார்கள்.

"அவர் திக்கி நீங்க கேட்டதுண்டா? அதுக்கப்புறம்?"

"ஒரே ஒரு தடவை" என்றார் அசரீரி. "எட்டு வருஷம் இருக்கும். ஒரு ஆபீஸ் கட்டடத்துல லிஃப்ட் நாலாவது மாடிக்கு மேல நின்னுடுச்சு. உள்ள ஒருத்தர்தான். எத்தனை பேர் இருக்கீங்க, உங்க பேர் என்னன்னு கேக்கறேன், பதில் இல்ல. மூச்சு வாங்கற சத்தம் மட்டும் வருது. உங்கப்பாவுக்கு போன் போட்டு, உள்ள இருக்கறவருக்கு மூச்சுத் திணறுதுன்னு சொன்னேன். 'லைனைக் குடுங்க'ன்னார். ரெண்டு செகண்டு கேட்டார். 'இது மூச்சுத் திணறல் இல்ல, வார்த்தைத் திணறல். அவரை ஒண்ணும் கேக்காதீங்க. நான் வந்துட்டேன்'னார்."

"அப்புறம்?"

"கதவுக்கு வெளியில வந்து உக்காந்துட்டார். லிஃப்டுக்குள்ள இருக்கற மைக் திறந்தே இருந்தது, எனக்கு எல்லாம் கேட்டுது. வழக்கமா மாட்டிக்கிட்டவங்ககிட்ட, 'உள்ள காத்து இருக்கு, வெளிச்சம் இருக்கு, வாடகை கிடையாது, ஏன் அவசரப்படறீங்க?'ன்னு வேடிக்கை பேசுவார் இல்லையா? அன்னிக்குப் பேசல. அந்த ஆள் கொஞ்சம் கொஞ்சமா சொல்லி முடிச்சார். மேல மாடியில வேலைக்கு இன்டர்வியூ. முதல் கேள்வியே உங்க பேர் என்னன்னு கேப்பாங்க. அந்த ஒரு பதிலையே காலையிலேர்ந்து சொல்லிப் பாத்துக்கிட்டு இருக்கேன்னு. உங்கப்பா, 'எனக்கும் அதுதான் சார் தொல்லை'ன்னார். சொல்லிட்டு, தன் பேரைச் சொல்ல ஆரம்பிச்சார். அம்மாடி. முதல் எழுத்துலயே நின்னுடுச்சு. வேற தெருவுல திரும்பல. நின்னு நின்னு முழுசா சொன்னார். நான் கடிகாரத்தைப் பாத்தேன். முப்பத்தெட்டு செகண்டு. உள்ள இருந்தவர் அவ்வளவு நேரமும் ஒரு வார்த்தை குறுக்க பேசல. அப்புறம் அவர் பேரை அவர் சொன்னார். ரெண்டு பேரும் சிரிச்சாங்க. அதுக்கப்புறம்தான் உங்கப்பா எழுந்து லிஃப்டை நகர்த்தப் போனார்."

"இன்டர்வியூ என்ன ஆச்சு?"

"நேரம் தாண்டிடுச்சுன்னு திருப்பி அனுப்பப் பாத்தாங்களாம். உங்கப்பா கூடவே மேல போய், தப்பு லிஃப்ட் மேலதான்னு ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு வந்தார். மறுநாள் வரச் சொன்னாங்களாம். அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு தெரியாது. அவர் முகத்தைக்கூட நான் பாத்ததில்ல."

பலகையில் ஒரு விளக்கு எரிந்தது. அந்த அம்மா திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர் எடுத்துக்கொண்டார். "உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னுதான் நினைச்சேன்" என்றார் அசரீரி, கொஞ்சம் சங்கடத்தோடு.

வீடு திரும்பும் வழியெல்லாம் தனக்கு வந்தது கோபமா துக்கமா என்று அவளுக்குப் பிரிக்கத் தெரியவில்லை. கம்பெனிக்குத் தெரிந்திருக்கிறது. முகம் தெரியாத ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது. பெற்ற பிள்ளைகளுக்குத் தெரியவில்லை.

அம்மா சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மகள் எதிரில் உட்கார்ந்து, அசரீரி சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். அம்மா உரிப்பதை நிறுத்தாமல் கேட்டாள்.

"உனக்குத் தெரியுமாம்மா?"

"கட்டிக்கிட்டவளுக்குத் தெரியாம இருக்குமா?"

அம்மா ஓய்வு பெறும்வரை எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் இருந்தவள். அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் லிஃப்ட் பொருத்த வந்த ஆள்தான் அப்பா; அப்போது அவர் வேறு கம்பெனியில் இருந்தார். "ஒரு நாள் கையில அடிபட்டு வந்தார். சீட்டுல எழுதறதுக்குப் பேர் கேட்டேன். சட்டைப் பையிலேருந்து அடையாள அட்டையை எடுத்து என் முன்னால வச்சு, 'எழுத்துக் கூட்டி வாசிப்பீங்கல்ல?'ன்னார். என்ன திமிர் இந்த ஆளுக்குன்னு ஒரு வாரம் முகம் குடுத்துப் பேசல. கை சரியானப்புறமும் வந்துக்கிட்டே இருந்தார். அப்புறம் அவரே ஒரு தாள்ல எழுதிக் குடுத்தார். எனக்கு இப்படின்னு."

"எங்ககிட்ட ஏன் சொல்லல?"

அம்மா கத்தியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள். "மேனேஜர் அப்பதான் பேச ஆரம்பிச்சிருந்தான். அவர் வீட்டுல திக்கினா பிள்ளையும் அதைக் கேட்டு அப்படியே பிடிச்சுக்கும்னு யாரோ அவர்கிட்ட சொல்லிட்டாங்க. அதெல்லாம் இல்லைங்கன்னு டாக்டரைவிட்டே சொல்ல வச்சேன். கேக்கல. என் குழந்தை நாக்குல இது ஏறக் கூடாதுன்னு ஒரே பிடிவாதம். உங்க முன்னால ஒரு வார்த்தைகூடத் தடுக்கக் கூடாதுன்னு, தடுக்கற வார்த்தையை எல்லாம் வீட்டுக்கு வெளியிலயே விட்டுட்டு வந்தார். உங்க பேரும் அதுல ஒண்ணு."

"அப்ப வேற பேரா வச்சிருக்கலாமே. அவருக்கு வாயில வர்ற பேரா."

"நான் கேக்கலேன்னு நினைக்கறியா? 'நல்ல பேரா வை, எனக்கு வசதியா வைக்காதே'ன்னுட்டார்."

மகள் ஒரு வெங்காயத்தை எடுத்து உரித்தாள். பிறகு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். "மெஷின் ரூம்ல மட்டும் எப்படி வந்துச்சு?"

"சத்தத்துல வரும். தன் குரல் தன் காதுல விழலேன்னா அவருக்குத் தடுக்காது. அது எப்படின்னு எனக்குத் தெரியாது, ஆனா தடுக்காது." அம்மா மேடைமேல் இருந்த மிக்ஸியைக் கண்ணால் காட்டினாள். "நான் இதை ஓட்டறப்போ எல்லாம் வந்து பக்கத்துல நிப்பாரே, கவனிச்சதில்ல?"

கவனித்திருக்கிறாள். மிக்ஸி சத்தம் கேட்டதும் பேப்பரைப் போட்டுவிட்டு அப்பா சமையலறைக்குள் நுழைவார். 'அரைக்கறதுல என்னப்பா அப்படி ருசி?' என்று அண்ணன்கூடக் கிண்டல் செய்திருக்கிறான்.

"அப்ப என் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார்" என்றாள் அம்மா. "இந்தச் சத்தத்துல எனக்கு எங்க கேக்கும்? உதட்டைப் பாத்துக்குவேன். சில நாள் அரைக்க ஒண்ணுமே இருக்காது. சும்மா ரெண்டு மிளகாயைப் போட்டு ஓட்டுவேன்."

அம்மாவுக்கு இத்தனை நாளில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. கண்ணையும் துடைத்துக்கொண்டாள். வெங்காயத்தைக் காரணம் காட்ட முயலவில்லை.

"நீங்க வளர்ந்தப்புறம் சொல்லிடலாம்னு சொன்னேன்" என்றாள் பிறகு. "'இப்ப என்னத்துக்கு, மேலிடம்? ஊருக்கே நான் வச்ச பேர்தான் ஓடுது'ன்னார். அதுவும் நிஜம். ஒளிக்கறதுக்குன்னு ஆரம்பிச்சார், அப்புறம் அதுல அவருக்கே ருசி விழுந்துடுச்சு. ஒருத்தரைப் பாத்துட்டு வந்தா அவங்களுக்கு என்ன பேர் பொருந்தும்னு ரெண்டு நாள் யோசிப்பார். சாப்பிடறப்போகூட யோசிப்பார்."

மாலை அண்ணன் வந்ததும் அவனிடமும் சொன்னார்கள். அவன் பாதியிலேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

"என்னடா?" என்றாள் தங்கை.

"எங்க அறிவியல் வாத்தியார் ஒருத்தர் திக்குவார், ஞாபகம் இருக்கா? நான் ஏழாவது படிச்சப்போ. ஒரு நாள் சாப்பிடறப்போ அவரை மாதிரிப் பேசிக் காட்டினேன். கழுத்தை இப்படி வெட்டி வெட்டி. நீ விழுந்து விழுந்து சிரிச்ச."

அவளுக்கு நினைவில்லை. ஆனால் சிரித்திருப்பாள் என்று தெரிந்தது. அம்மா மகனைப் பார்த்தாள். அவளுக்கு நினைவிருந்தது.

"அப்பா என்ன பண்ணினார்?" என்று கேட்டாள் தங்கை.

"திட்டல. எழுந்து போகவும் இல்ல. நான் முடிக்கற வரைக்கும் பாத்துட்டு, 'கதை அந்தரத்துல நிக்குதே, மேனேஜர். வாத்தியார் கடைசியில என்ன சொன்னார்?'னு கேட்டார். எனக்குத் தெரியல. அவர் எதையோ சொல்ல வந்தார், நாங்க எல்லாம் சிரிச்சோம், மணி அடிச்சுடுச்சு. 'அப்ப நாளைக்குக் கேட்டுட்டு வந்து சொல்லு, எனக்குத் தெரிஞ்சாகணும்'னார். மறுநாள் விடல. கேட்டியா, கேட்டியான்னு மூணு நாள் துரத்தினார். நாலாவது நாள் வேற வழியில்லாம போய் நின்னேன், சார், அன்னிக்கு என்ன சொல்ல வந்தீங்கன்னு."

"சொன்னாரா?"

"ரொம்ப நேரம் ஆச்சு. நானும் நின்னேன், வேற என்ன பண்றது. ஒட்டகச்சிவிங்கிக்கு அவ்வளவு நீளக் கழுத்து இருந்தாலும் அதுல ஏழே எலும்புதானாம். மனுஷனுக்கும் ஏழுதானாம். அதைச் சொல்லத்தான் அன்னிக்கு அந்தப் பாடு பட்டிருக்கார்."

"அப்பாகிட்ட வந்து சொன்னியா?"

"சொன்னேன்" என்றான் அண்ணன். "சாப்பாட்டைத் தள்ளி வச்சுட்டார். பின்னங்கழுத்துல கையை வச்சு அழுத்தி அழுத்தி எண்ண ஆரம்பிச்சார். அஞ்சுதான் வருதுன்னார். அப்புறம் அம்மா கழுத்தை எண்ணினார். ஆறு வந்துச்சு. 'மேலிடத்துக்கு ஒண்ணு கூட இருக்கு'ன்னார். நாலு பேரும் மாறி மாறி எண்ணிக்கிட்டு உக்காந்திருந்தோம், சாப்பாடு ஆறிப்போற வரைக்கும்."

தங்கையின் கை தன் பின்னங்கழுத்துக்குப் போனது. மேலிருந்து கீழாக, விரல் நுனியால் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள்.

"சரியா எண்ணு" என்றாள் அம்மா. "மேல இருக்கறது கைக்குத் தட்டுப்படாது. எக்ஸ்ரேயில பாத்தாதான் தெரியும்."